மொட்டைக்கு டிக்கெட் இல்லை

கண்ணாடி வீட்டை இடிக்க அளவெடுக்கப் போன இடத்தில்தான் யமுனா அந்தத் தரையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பேசாமல் வெளியே வந்திருந்தால் எவ்வளவோ நிம்மதி. ஆனால் அவள் அப்படிப் பிறந்தவள் இல்லை. சுவரில் ஓர் ஆணி கோணலாக அடித்திருந்தால்கூட, யார் அடித்தது, ஏன் இப்படி அடித்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் வரை அவளுக்குச் சோறு இறங்காது.

திருவானைக்காவலைத் தாண்டிக் கொள்ளிடப் பாலத்துக்குப் போகிற சாலையில் இருக்கிறது பஞ்சவர்ணம் பார்க். பழைய முதலாளி முப்பது வருஷத்துக்கு முன்னால் மனைவி பேரில் ஆரம்பித்தது. அவர் காலமான பிறகு மகன் மாதவன் பொறுப்பெடுத்து, பெயர்ப்பலகையில் ‘ஃபன் வேர்ல்டு’ என்று இரண்டு வார்த்தை சேர்த்து விளக்கும் போட்டார். ஜனங்கள் அந்த இரண்டு வார்த்தையைச் சட்டை செய்யவே இல்லை. டவுன் பஸ் கண்டக்டர்கூட ‘பஞ்சவர்ணம் எல்லாம் இறங்கு’ என்றுதான் குரல் கொடுப்பார்.

யமுனா அங்கே மேனேஜராக வந்து நான்கு வருஷம். காட்டூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்து போகிறாள். பாலிடெக்னிக்கில் படித்தது குளிர்சாதனப் படிப்பு. அதற்கப்புறம் ஆறு வருஷம் வேலை பார்த்தது ஒரு வாழைக்காய்க் குளிர்பதனக் கிடங்கில். கோடை விடுமுறையில் லோடு ஏற்றுகிறவர்களின் பிள்ளைகள் அந்தக் கிடங்கு வாசலுக்கு வந்து, இரும்புக் கதவில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு வரிசையாக நிற்கும். கதவு திறக்கும்போது வெளியே வருகிற வெள்ளைப் புகையைக் கையால் பிடிக்கப் பார்க்கும். அதைப் பார்த்த நாளிலிருந்து அவள் மனதில் ஒரு ஆசை உட்கார்ந்துகொண்டது. திருச்சி வெயிலில் வெந்து போகிற பிள்ளைகளுக்கு ஒரு பனி வீடு கட்ட வேண்டும். உள்ளே நிஜப் பனி கொட்ட வேண்டும். உருட்டலாம், எறியலாம், சறுக்கலாம். அவளே நேரில் பனியைப் பார்த்தவள் இல்லை. ஆனாலும் பதினோரு தடவை படம் வரைந்து, பதினோரு தடவையும் மாதவனிடம் காட்டியிருந்தாள்.

பதினோராவது தடவை மாதவன் தலையாட்டினார். கோயம்புத்தூரில் இயந்திரம் விற்கிறவரும் நல்ல விலை சொன்னார், பங்குனி முடிகிறவரைக்கும் என்று கெடு வைத்து. மிச்சமிருந்தது இடம் ஒன்றுதான். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருக்க வேண்டும், கெட்டித் தரையாக இருக்க வேண்டும், கொள்ளிடக் கரை மணலில் அடித்தளம் உட்காரக் கூடாது. பார்க் முழுக்கச் சுற்றி வந்தாலும் அப்படி ஓர் இடம்தான் இருந்தது. அதில் கண்ணாடி வீடு நின்றது.

“பழசுல எது போகணும்னு நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம்” என்றார் மாதவன். எதற்கும் எண்ணிக்கை கேட்கிற மனிதர் அவர். “டிக்கெட் சொல்லட்டும். எதுக்குக் கூட்டம் கம்மியோ அது போகட்டும். நாளைக்கு யாரும் வந்து உங்களையோ என்னையோ கேக்க முடியாது.”

இந்த ஏற்பாடு யமுனாவுக்குப் பிடித்திருந்தது. பழசு என்கிற ஒரே காரணத்துக்காக ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுவது அவளுக்கு ஆகாது. வந்த புதிதில் யானை ஊஞ்சலை எடுத்தபோது என்ன பேச்சுப் பேசினார்கள். அந்த ஊஞ்சல் இல்லாத பார்க் ஒரு பார்க்கா என்று ஃபேஸ்புக்கில் கண்ணீர் விட்டவர்களெல்லாம் இரண்டே மாதத்தில் அதே இடத்துத் தண்ணீர்ச் சறுக்கில் குடும்பத்தோடு விழுந்து விழுந்து குளித்தார்கள். ஊஞ்சல் என்ன நிறம் என்று இன்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

கம்ப்யூட்டரும் அவள் பக்கம்தான் பேசியது. மோதும் காருக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு டிக்கெட். குட்டி ரயிலுக்கு அறுநூறு. கண்ணாடி வீட்டுக்கு இருபத்து மூன்று. அதற்கு மேல் என்ன வேண்டும்? டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை அளவெடுக்கப் போனாள்.

உள்ளே ஒன்பது ஆளுயரக் கண்ணாடிகள். ஒன்று ஆளைப் பானையாக்கும், ஒன்று கம்பமாக்கும், ஒன்று இடுப்பை மட்டும் காணாமல் அடிக்கும். ஒற்றைக் கதவு, மேலே மங்கலான இரண்டு விளக்கு, சிவப்புச் சிமெண்டுத் தரை. டேப்பின் ஒரு முனையைத் தரையில் வைத்து மிதித்தபோதுதான் கால் லேசாகப் பள்ளத்தில் இறங்கியது. குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு கண்ணாடிக்கு முன்னாலும் சிவப்பு முழுக்கத் தேய்ந்து, அடியில் இருக்கிற சாம்பல் நிறச் சிமெண்டு வெளியே வந்து, அதிலும் ஒரு குழி விழுந்திருந்தது.

மோதும் கார் வரிசையில் எண்ணூறு பேர் நிற்கிற இடத்தில்கூட இப்படித் தேயவில்லை. இருபத்து மூன்று பேர் மிதித்து இவ்வளவு பள்ளமா? யானை வந்து நின்று கண்ணாடி பார்த்ததா என்ன?

அதோடு முடியவில்லை. கண்ணாடிகளில் இடுப்பு உயரத்துக்குக் கீழே மஞ்சளாக ஏதோ அப்பி, துடைத்து, மறுபடி அப்பியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தாள். சந்தனம். அறை முழுக்கவே அந்த வாசனை இருந்தது இப்போதுதான் மூக்கில் ஏறியது. பார்க்கில் ஒரு சாமி படம்கூடக் கிடையாது. சந்தனம் எங்கிருந்து வருகிறது?

வாசலில் டிக்கெட் கிழிக்கிற அடைக்கலத்தைக் கூப்பிட்டுக் கேட்டாள். ஐம்பத்தைந்து வயசு மனிதர். பார்க் ஆரம்பித்த நாளிலிருந்து அந்த ஸ்டூலை விட்டு எழுந்ததில்லை என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

“அண்ணே, தரை ஏன் இப்படித் தேஞ்சிருக்கு?”

“பழைய தரை மேடம்.”

“சந்தனம்?”

“தொடச்சிடுறேன் மேடம்.”

கேட்டது ஒன்று, வந்த பதில் ஒன்று. மறைக்கத் தெரியாதவர் மறைக்கிறார் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. டிக்கெட் போடாமல் ஆளை உள்ளே விடுகிறாரோ என்று ஒரு சந்தேகம் வந்தது. வந்த கையோடு தன் மேலேயே கோபமும் வந்தது. இரண்டையும் தீர்த்துக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கண்ணாடி வீட்டுக்கு எதிரே ஆஃப்ரின் வைத்திருக்கிற ஐஸ்கிரீம் கடையின் பெஞ்சில், கையில் நோட்டோடு உட்கார்ந்துவிட்டாள். பத்து மணி வரை ஒருவரும் இல்லை. பத்தேகாலுக்கு ஒரு வேன் வந்து நின்றது. பதினான்கு பேர் இறங்கினார்கள். அதில் ஐந்து பேருக்கு மொட்டை. இரண்டு பெரியவர்கள், மூன்று குழந்தைகள். மழித்த தலை தெரியாமல் சந்தனம் பூசியிருந்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்த ஒரு பொடியன் மட்டும் தலையில் துண்டைப் போட்டு இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். கூட்டம் ராட்டினத்தைப் பார்க்கவில்லை, ரயிலைப் பார்க்கவில்லை, நேரே கண்ணாடி வீட்டுக்கு வந்தது. அடைக்கலம் எழுந்து நின்று, டிக்கெட் மிஷின் பக்கமே போகாமல், பதினான்கு பேரையும் உள்ளே விட்டார்.

யமுனா நோட்டில் பதினான்கு என்று எழுதினாள். உள்ளேயிருந்து கூச்சலும் சிரிப்புமாக வந்தது. கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அந்தப் பொடியன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அப்பாவின் தொப்பையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“சமயபுரத்துக்காரங்க” என்றாள் ஆஃப்ரின், குச்சி ஐஸை அடுக்கிக்கொண்டே. “கோயில்ல முடி எறக்கிட்டு, டோல்கேட் வழியா ஸ்ரீரங்கம் போற வழியில இங்க எறங்குவாங்க. மொட்டைக்கு டிக்கெட் இல்லையே மேடம்.”

“யார் சொன்னது?”

“யார் சொல்லணும்? எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதா?”

மேனேஜர் ஒருத்தியைத் தவிர ஊருக்கே தெரிந்த விஷயம். யமுனாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சாயங்காலம் வரை எண்ணினாள். டிக்கெட் போட்டவர்கள் பத்தொன்பது பேர். போடாதவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

மூடுகிற நேரத்துக்கு அடைக்கலத்தின் பக்கத்தில் போய் நின்றாள். நோட்டைப் பார்த்ததுமே அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

“பெரிய முதலாளி வாய்வார்த்தையா சொன்னது மேடம். அவரோட பேத்திக்கு மொட்டை போட்டப்ப புள்ள மூணு நாள் சாப்பிடல. இங்க தூக்கிட்டு வந்து காமிச்சாரு, சிரிச்சிருச்சு. அன்னைக்கே சொல்லிட்டாரு, மொட்டைக்கு டிக்கெட் இல்லைன்னு. புள்ளைய மட்டும் தனியா உள்ள விட முடியுமா, கூட வர்ற சனத்தையும் விட்டேன். அப்புறம் கம்ப்யூட்டர் வந்துச்சு. அதுல பெரியவங்க, சின்னவங்கன்னு ரெண்டு பட்டன்தான் இருக்கு. மொட்டைன்னு பட்டன் இல்லையே. நான் என்னத்த அமுக்குறது?”

“இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லலையா?”

“யாரும் கேக்கலையே மேடம். இப்ப சொன்னா, இருபது வருஷம் சும்மா விட்டதுக்கு என்னைய அனுப்பிடுவாங்களோன்னு பயந்துட்டேன்.”

அவரை யாரும் அனுப்ப மாட்டார்கள் என்று யமுனா சொன்னாள். மனசாரச் சொன்னதுதான். ஆனால் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்ததும் நோட்டை மறுபடி பிரித்துப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பேர். மாதவன் வைத்த கணக்குப்படி கண்ணாடி வீடு நிற்கும். பனி வீடு போகும்.

மூன்று நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. நேர்மையானவள்தான், ஆனால் அவளும் மனுஷிதானே. இத்தனை வருஷ ஆசையை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தானே எண்ணித் தொலைத்துவிட்டோமே என்று இருந்தது. நாலாவது நாள் குளிக்கும்போது புத்தி ஒரு கேள்வியைத் தேடிக் கொண்டுவந்தது. அத்தனை பேரும் கண்ணாடி வீட்டுக்காகவா பார்க்குக்கு வருகிறார்கள்? அல்லது பார்க்குக்கு வருகிறவர்கள், டிக்கெட் கேட்பதில்லை என்பதால் அதற்குள்ளும் ஒரு நடை போகிறார்களா? இரண்டாவதுதான் என்றால், அது இல்லாவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றும் குறையாது. யானை ஊஞ்சல் கதைதான்.

கேள்வி நியாயமான கேள்வி. தனக்குச் சாதகமான கேள்வி என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் பதிலைத் தானே சொல்லிக்கொள்ளாமல், ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்க்க முடிவு செய்தாள்.

அடைக்கலம் கதவைப் பூட்டினார். ‘பராமரிப்புப் பணி நடைபெறுகிறது’ என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். சமயபுரத்தில் கூட்டம் அலைமோதுகிற பங்குனி ஞாயிறு. சோதனைக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. யமுனா அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வேன் வேனாக வந்தார்கள். அட்டையைப் படித்தார்கள். ‘அடடா, பூட்டிட்டாங்களே’ என்று சிலர் அரை நிமிஷம் நின்றார்கள். பிறகு ஒரு மொட்டை ரயிலைக் காட்டியது, எல்லோரும் ரயிலுக்குப் போனார்கள். அடுத்த மொட்டை மோதும் காருக்கு இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரே ஒரு பெண் குழந்தை தரையில் புரண்டு அழுதது, அதையும் ஆஃப்ரின் கொடுத்த சேமியா ஐஸ் சமாதானம் செய்துவிட்டது. நான்கு மணிக்குள் முந்நூற்று நாற்பது மொட்டைகளை எண்ணியாகிவிட்டது. ஒரு குடும்பம்கூடக் கோபித்துக்கொண்டு வெளியே போகவில்லை. எல்லோரும் ஏதோ ஒன்றில் ஏறினார்கள், சிரித்தார்கள், போனார்கள்.

யமுனாவுக்குச் சிறகு முளைத்துவிட்டது. பனி வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஐந்து மணி இருக்கும். ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் கைத்தடி ஊன்றி, வலது காலை ஜாக்கிரதையாக வைத்து நடந்தார். அந்த அம்மாவுக்கு நாற்பதுக்குள் வயசு. முந்தானையைத் தலையைச் சுற்றி இழுத்து, மோவாய்க்குக் கீழே ஒரு கையால் பிடித்திருந்தார். அட்டையைப் படித்தார். எல்லோரையும் போல நகரவில்லை. மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“பூட்டியிருக்கு. வா போகலாம், பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார் கணவர், தரையைப் பார்த்தபடி.

அந்த அம்மா யமுனாவிடம் வந்தார். “ஏங்க, இதை எப்ப திறப்பாங்க?”

“இன்னைக்குத் திறக்க மாட்டாங்கம்மா.”

“கொஞ்ச நேரம் இருந்தா திறப்பாங்களா?”

“இல்லம்மா. ரயில் இருக்கு, ராட்டினம் இருக்கு. அதுல ஏதாவது போறீங்களா?”

“அதெல்லாம் எனக்கு எதுக்குங்க?” என்று சொல்லிவிட்டு, பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து போகிற எண்ணமே இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தார். யமுனாவால் சும்மா இருக்க முடிகிறதா?

“எங்கருந்து வர்றீங்க?”

“மருங்காபுரி பக்கம்ங்க. பேரு விஜயராணி. இவரு எங்க வீட்டுக்காரரு, வள்ளிக்கண்ணு.” அவர் கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். விஜயராணி குரலைத் தாழ்த்தினார். “போன வருஷம் டிராக்டர் கவுந்து இவரு கால் நசுங்கிருச்சு. எடுத்துரணும்னு சொல்லிட்டாங்க. எடுக்காம நடந்துட்டாருன்னா என் முடியத் தந்துடுறேன்னு ஆத்தாகிட்ட சொன்னேன். நடந்துட்டாரு. காலையில போய்க் குடுத்துட்டேன்.”

“நல்லதுதானேம்மா.”

“நல்லதுதாங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனா காலையிலருந்து இவரு என் மூஞ்சிய நிமிந்து பாக்கல. தன்னாலதான் போச்சுன்னு நெனைக்கிறாரு. நானும் இன்னும் என்னைய பாக்கல. எங்க ஊர்ல ஒரு பொண்ணு முன்னாடி போட்டுச்சு. அதுதான் சொல்லிச்சு, மொதமொதல்ல வீட்டுக் கண்ணாடியில பாத்துராத, அழுதுருவ, பஞ்சவர்ணத்துல போய்ப் பாரு, சிரிப்பு வந்துரும், அதுக்கப்புறம் எங்க பாத்தாலும் ஒண்ணும் தோணாதுன்னு. அதுக்காகத்தான் எறங்கினோம்.”

“போன்ல பாக்கலாமே?”

“போன்ல நான் மட்டும்தாங்க அசிங்கமா தெரிவேன்.”

யமுனா மடியிலிருந்த நோட்டைப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து முந்நூற்று நாற்பது பேரை எண்ணியவள், அதில் எத்தனை பேர் இப்படி வந்தவர்கள், எத்தனை பேர் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். கேட்டது இந்த அம்மா ஒருவர்தான். அந்த அரை நிமிஷம் நின்றவர்களின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. தலையை மட்டும்தான் எண்ணினாள்.

எழுந்து போய் அடைக்கலத்திடம் சாவி கேட்டாள்.

“பராமரிப்பு முடிஞ்சிருச்சா மேடம்?” என்றார் அவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

கதவைத் திறந்து விளக்கைப் போட்டதும் விஜயராணி வாசலிலேயே நின்றுவிட்டார். “நீங்களும் வாங்கம்மா. நாங்க ரெண்டு பேரா நிக்க ஒரு மாதிரி இருக்கு” என்று யமுனாவின் மணிக்கட்டைப் பிடித்தார். வள்ளிக்கண்ணு கடைசியாக உள்ளே வந்தார். யமுனா கதவைச் சாத்தினாள்.

முதல் கண்ணாடி பானைக் கண்ணாடி. நான்கு வருஷமாக அங்கே வேலை பார்த்தும் யமுனா ஒரு நாளும் அதன் முன்னால் நின்றதில்லை. மேனேஜர் யமுனா, கழுத்தில் அடையாள அட்டையோடு, ஒரு நெல் குதிருக்குப் புடவை கட்டிவிட்ட மாதிரி நின்றாள். பக்கத்தில் வள்ளிக்கண்ணுவுக்குக் கழுத்தே இல்லை. கைத்தடி மட்டும் நெளிந்து நெளிந்து எங்கோ போய்க்கொண்டிருந்தது. விஜயராணி முதலில் அவர்கள் இருவரையும்தான் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையை மீறிச் சிரிப்பு வந்தது. அந்தக் கைதானே முந்தானையைப் பிடித்திருந்தது. முந்தானை தானாகத் தோளில் விழுந்தது.

“ஐயோ” என்றார் விஜயராணி மெதுவாக. “பூசணிக்காய்க்குச் சந்தனம் வச்ச மாதிரில்ல இருக்கேன்.”

சிரிப்புச் சத்தம் கேட்டு வள்ளிக்கண்ணு நிமிர்ந்தார். மனைவியை நேரே பார்க்கவில்லை, கண்ணாடியில்தான் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்க” என்றார்.

“இதுலயா?”

“இதுலயே நல்லாத்தான் இருக்க.”

அப்புறம் அவர் அழுதார். கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். கண்ணாடிக்குள்ளே இரண்டு பானைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு குலுங்கின. விஜயராணி அவர் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே, அழுகையும் சிரிப்புமாக, “பாருங்க, அழுறப்ப இன்னும் குண்டாயிட்டீங்க” என்றார்.  யமுனா இருவரையும் அப்படியே விட்டுவிட்டு, கதவை மெல்லத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

காட்டூர் போகிற வழியெல்லாம் அவள் மூளை வேலை செய்தது. கண்ணாடிகளைக் கழற்றி நடைபாதை ஓரம் வைத்தால் என்ன? வைக்கலாம், பிள்ளைகள் பார்க்கும். விஜயராணி போகிற வருகிறவர்கள் முன்னால் முந்தானையை எடுப்பாரா? மாட்டார். பனி வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் வைத்தால்? ஐந்து நிமிஷத்தில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியாது, இது அவள் படித்த படிப்பு. பார்க்கின் வேறு மூலையில் புதிதாக ஓர் அறை கட்டினால்? பனி இயந்திரம் வாங்கிய பிறகு ஒரு செங்கல்லுக்குக்கூட மாதவன் சம்மதிக்க மாட்டார். ஒரு கதவு, நாலு சுவர், மங்கலான விளக்கு, கூட நிற்கிறவர்களும் கோணலாகத் தெரிய வேண்டும். அது ஏற்கெனவே இருந்தது. அது இருந்த இடத்தில்தான் பனி வீடு வர முடியும். எப்படிச் சுற்றினாலும் அங்கேதான் வந்து முட்டியது.

திங்கட்கிழமை காலை மாதவனின் அறையில் செவ்வாய்க்கிழமைக் கணக்கு, ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு என்று இரண்டு தாள்களையும் வைத்தாள். மொட்டைக்கு டிக்கெட் இல்லை என்கிற கதையைக் கேட்டு அவர் முதலில் சிரித்தார். “அப்பா இதைச் சொல்லவே இல்லையே” என்றார். அடைக்கலத்தைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. பிறகு இரண்டாவது தாளை எடுத்து, எண்களின் மேல் விரலை வைத்து வைத்துப் படித்தார். அவர் மூளையும் சும்மா இல்லை.

“ஞாயித்துக்கிழமை பூட்டி வச்சிருக்கீங்க. முந்நூத்தி நாற்பது மொட்டை வந்திருக்கு. ஒரு குடும்பம்கூடத் திரும்பிப் போகல. எல்லாரும் வேற ஏதாவது ஒண்ணுல ஏறியிருக்காங்க. அப்ப கண்ணாடி வீடு இல்லைன்னாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. நீங்கதானே ஜெயிச்சிருக்கீங்க?”

“ஒருத்தருக்கு ஆச்சு சார்” என்றாள் யமுனா. நடந்ததைச் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள், பானைக் கண்ணாடியில் அவர்கள் பேசிக்கொண்டதைச் சொல்லவில்லை. அது அவர்களுடையது என்று தோன்றியது.

மாதவன் பொறுமையாகக் கேட்டார்.

“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. பனி வீடு வந்தா ஒரு நாளைக்கு ஆயிரம் புள்ளைங்க குதிக்கும். நாலு வருஷமா இதைக் கேட்டது நானா, நீங்களா? கோயம்புத்தூர்க்காரர் சொன்ன விலை இந்த மாசத்தோட சரி. இப்ப விட்டா மறுபடி என்னால முடியாது. உங்களுக்கே தெரியும்.”

“தெரியும் சார்.”

“ஒரே ஒரு அம்மாவுக்காகவா யமுனா இதை வேணாங்கிறீங்க?”

“நான் பூட்டி வச்சது ஒரே ஒரு நாள்தான் சார்.”

மாதவன் தாளைக் கீழே வைத்தார்.  ஒரு நாளைக்கு ஒருவர் என்றால் இத்தனை வருஷத்துக்கு எத்தனை பேர் என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாரோ என்னவோ. பிறகு போனை எடுத்து, கோயம்புத்தூர்க்காரரிடம், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லி வைத்தார்.

யமுனாவுக்கு அழுகை வந்தது. கண்ணாடி வீடு பிழைத்ததே என்கிற ஆனந்தக் கண்ணீர் ஒன்றுமில்லை அது. பனி வீட்டுக்காக வந்த அழுகைதான். முதலாளி முன்னால் அழுகிறோமே என்று அவள் அதை மறைக்கவும் இல்லை.